எங்கேயும் போகாத காக்கை

அமாவாசையன்று கெலாங் பாத்தா வீட்டு மதில்மேல் அம்மா சோறு வைத்துக் கூப்பிட்டால் நாலைந்து காக்கைகள் உடனே இறங்கும். “நம்ம காக்கா எங்கேயும் போகாது” என்பார்.

உண்மைதான். வட அமெரிக்காவின் வடபகுதிகளில் பனி நிலத்தை மூடினால் இரை கிடைக்காது. பல காக்கைகள் தெற்கே பறந்துவிடும். சில, ஊர்க் குப்பையை நம்பி அங்கேயே இருந்துவிடும். கருவி பொருத்திக் கவனித்ததில், போகிற காக்கை ஆண்டுதோறும் போகிறது. கூடு கட்டப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. இருக்கிற காக்கை இருந்துகொண்டே இருக்கிறது. இங்கே பனியும் இல்லை, மீன் கடைக் கழிவுக்குப் பஞ்சமும் இல்லை. ஏன் கிளம்பப் போகிறது?

ஆனால், எங்கேயும் போகாத இந்தக் காக்கையே கப்பலேறி வந்ததுதான். 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பாட்டன்மாரையும் தோட்ட வேலைக்குத்தானே கொண்டுவந்தார்கள்!

தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அலுத்துவிட்டான் தம்பி. அங்கேயே வீடு பார்த்துவிட்டு அம்மாவையும் கூப்பிடுகிறான்.

“அங்கே காக்காவுக்குச் சோறு வைக்கலாமாப்பா?”

வைத்தால் அபராதம். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, என்னைப் பார்த்தான்.