மின்மடையும் நீர்மடையும்

ஓர் ஊர்க்கு நீர் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாததாயிற்று இக்காலத்து மின்சாரம். இரண்டும் ஓரிடத்தினின்று புறப்பட்டுப் பலவிடத்தும் பாய்வன. இரண்டும் அளவிற்கு உட்பட்டன. இரண்டையும் பலர் ஒரே வேளையில் வேண்டி நிற்பர். ஆதலின், நீரைப் பங்கிட்டு வாழ்ந்த நம் முன்னோரின் அறிவு மின்சாரத்தைப் பங்கிடுதற்கும் உதவுமோ என்னும் வினா சில திங்களாக என் உள்ளத்தே உலவி வருகின்றது. என் தமையனார் பணிபுரியும் தொழிற்சாலை யொன்றில் மோட்டார் வண்டிகளுக்கு மின்னேற்றிகள் அமைத்த செய்தியே இவ்வினாவிற்குக் காரணம். அதனை நண்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

எங்களூர் தென்னேரி. ஏரிகள் மலிந்த காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரேரிகளுள் ஒன்று எங்களுடையது. திரையன் என்னும் பழந்தலைவன் பெயரால் திரையனேரி என வழங்கியது நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்பர். என் பாட்டனார் அவ்வேரியின் நீர்க்கட்டிகளுள் ஒருவராய் இருந்தவர். மதகைத் திறத்தலும் அடைத்தலும், கால்வாயைச் செப்பனிடுதலும், இன்ன கழனிக்கு இன்ன பொழுது எனக் கணக்கிட்டு நீர் விடுதலும் அவர் தொழில். அவர்க்கெனச் சொந்தக் கழனி ஒரு சாணும் இல்லை. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடியானவரும் களத்தில் அளந்த நெல்லே அவர் பெற்ற ஊதியம்.

எங்களூர்க்குக் கிழக்கே ஒரகடம் உளது. வானம் பார்த்த அந்நிலத்தில் 2010 ஆம் ஆண்டு ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது முதல் பற்பல ஆலைகள் எழுந்தன. வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார்களைச் செய்து வருகின்றது; கோனா என்னும் மின்சாரக் கார் 2019 இலும், கிரெட்டாவின் மின்சார வடிவம் 2025 இலும் அங்கிருந்து வெளிவந்தன. இப்பெரிய ஆலைகளைச் சூழ்ந்து சிறு தொழிற்சாலைகள் பல உள்ளன. அத்தகைய ஒன்றில்தான் என் தமையனார் மின்பணியாளராய் இருக்கின்றார்.

மின்சாரத்தால் ஓடும் ஊர்தி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைத் தெருக்களில் 1895 ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டி ஓடிற்று. 1953 வரை அது நிலவியது. ஆயின் டிராம் வண்டி வழியெல்லாம் மின்கம்பியோடு பிணைந்திருந்தது. இற்றை நாள் மின்சாரக் காரோ தன் உணவைத் தன் வயிற்றிலேயே சுமந்து செல்வது. ஆகவே அது நிற்குமிடமே அது உண்ணுமிடம். பகற்பொழுதில் ஒருவர் வண்டி நெடுநேரம் நிற்பது எங்கே? பணியிடத்தில் அன்றோ? அன்றியும், கதிரவன் ஒளியால் மின்சாரம் மிகுதியாய் விளைவது நண்பகற்போது. வீடெங்கும் விளக்கேற்றி மின்சாரத்தின் தேவை மிகுவது மாலைப்போது. மாலையில் வீடு திரும்பி எல்லாரும் ஒருங்கே வண்டிக்கு மின்னேற்றுதலினும், பகலில் பணியிடத்தே ஏற்றுதல் நாட்டிற்கும் நலமாம்.

தமையனாரின் தொழிற்சாலையில் மின்சாரக் கார் வைத்திருப்போர் பதின்மர். பத்து மின்னேற்றிகள் வேண்டும் என்று முதலில் திட்டமிட்டனர். ஒவ்வொன்றும் 32 ஆம்பியர் கொள்வது, அஃதாவது 7.4 கிலோவாட். பத்தும் ஒருங்கே இயங்கின் 74 கிலோவாட் வேண்டும். ஆலையின் எந்திரங்களுக்குப் போக எஞ்சியதோ, மும்முனை இணைப்பில் முனைக்கு 20 ஆம்பியர். மொத்தம் 14 கிலோவாட்டிற்கும் சிறிது குறைவு. இசைவு பெற்ற அளவைக் கடந்து இழுப்பின் மின்வாரியத்திற்குத் தண்டம் இறுக்க வேண்டும். புதிய டிரான்ஸ்பார்மர் நிறுவுதற்கோ பெரும்பொருள் வேண்டும். திட்டத்தையே கைவிடலாம் என்று சிலர் கூறினர்.

அப்பொழுது என் தமையனார் வேறொரு கணக்கு இட்டார். ஒருவர் வீட்டினின்று வந்து மீளும் தொலைவு நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்தில் கார் ஏறக்குறைய 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். ஆகவே ஒரு காருக்கு நாடோறும் வேண்டுவது 6 யூனிட் அளவே. பத்துக் கார்களுக்கு 60 யூனிட். எட்டு மணி நேரத்தில் இதனைப் பரப்பினால் 8 கிலோவாட்டும் வேண்டாம்! எஞ்சியுள்ள மின்சாரமோ அவ்வெட்டு மணி நேரத்தில் 110 யூனிட் தரவல்லது. குறைவு மின்சாரத்தில் இல்லை. எல்லாரும் ஒரே நாழிகையில் மதகைத் திறக்க எண்ணியதே குறை.

அங்ஙனமாயின் உள்ளதை எல்லார்க்கும் சமமாகப் பகுத்துவிட்டால் போதாதோ என்பீர். போதாது. மின்னேற்றி என்பது வெறும் துளைப்பலகை யன்று. ‘இத்துணை ஆம்பியர் மட்டும் கொள்க’ என்னும் குறிப்பை ஒரு மெல்லிய கம்பியின் வழியே அது வண்டிக்கு உணர்த்தும். வண்டி அவ்வளவைக் கடவாது. ஆயின் உலகநாடுகள் ஒப்பிய நெறிப்படி அக்குறிப்பு 6 ஆம்பியருக்குக் கீழே இறங்குதல் இல்லை. ஒரு முனையில் நான்கு கார்களைப் பூட்டி 20 ஆம்பியரை நான்காய்ப் பகுத்தால் தலைக்கு 5 ஆம்பியரே வரும். ஒரு காரும் அதனை ஏற்காது. மூன்று கார்கள் உண்ண, நான்காவது காத்திருத்தல் வேண்டும். பின்னர் நிறைந்தது விலக, காத்திருந்தது உண்ணல் வேண்டும்.

இதனைத் தமையனார் ஒரு ஞாயிறன்று பாட்டனார்க்கு விளக்கினார். மின்சாரத்தின் நுட்பம் அறியாத முதியவர் இதனை மட்டும் நொடியில் அறிந்துகொண்டார். கோடையில் ஏரிநீர் குறைந்தபோது பத்து வாய்க்காலையும் ஒருங்கே திறந்தால், நீர் வழிநெடுக மண்ணிலேயே ஊறி ஒழியும், எக்கழனியும் நனையாது. ஆதலின் ஒவ்வொரு வாய்க்காலாகத் திறப்பதே முறைப்பாசனம். அவர் வாழ்நாளெல்லாம் செய்தது அதுவே. எல்லாம் கேட்டபின் அவர் ஒன்று வினவினார்: “கடைமடைக்காரனுக்கு எப்போது முறை, தம்பி?”

அவ்வினாவிற்கு அத்திட்டத்தில் விடையில்லை. கார் வைத்திருந்த பதின்மரும் மேலாளரும் கணக்கரும் ஆவர். எந்திரத்தின் முன் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரிற் பலரும் மின்சார ஸ்கூட்டரில் வருபவர். அவ்வண்டிகள் பல ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நம் நாட்டார் கையாலேயே உருவானவை. ஆயின் அவற்றை ஓட்டுவோர் வாடகை அறைகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் வாழ்பவர். வீட்டில் மின்னேற்ற வசதி இலர். அவர்கள் உணவுக்கூடத்துச் சுவரில் இருந்த ஒரே துளையினின்று நீட்டிப் பலகை இழுத்து ஏற்றி வந்தனர். அப்பலகை சூடேறிக் கருகியதைக் கண்ட தமையனார் அதனை அகற்ற நேர்ந்தது. பல மணி நேரம் இடையறாது மின்சாரம் பாயும் இடத்திற்குத் தனிக்கம்பியும், நல்ல நிலத்தொடர்பும், கசிவு கண்டவுடன் அறுத்து நிறுத்தும் கருவியும் வேண்டும். அவையின்றேல் நெருப்பிற்கு அழைப்பு விடுத்ததாகும். அகற்றியது சரியே. ஆயின் அகற்றப்பட்டோர்க்கு மாற்று எங்கே?

ஒரு ஸ்கூட்டரின் மின்கலம் 3 அல்லது 4 யூனிட் கொள்வது. 2020 இல் வெளிவந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் மின்கலமோ 30.2 யூனிட். ஒரு கார் வயிறு நிறைய உண்பது எட்டு அல்லது பத்து ஸ்கூட்டர்களின் உணவு. ஸ்கூட்டர் ஒன்று ஒரு வேளையில் இழுப்பது பெரும்பாலும் ஒரு கிலோவாட்டிற்கும் குறைவு. பத்துக் கார்கள் போக எஞ்சிய 50 யூனிட்டில் பன்னிரண்டு ஸ்கூட்டர்களுக்கு இடம் உண்டு எனத் தமையனார் தாளில் எழுதிக் காட்டினார். நெடிய வாதத்தின்பின் மின்னேற்றிகள் பத்து எட்டாயின. மிஞ்சிய பொருளில் கொட்டகைச் சுவரில் முறைப்படி பன்னிரண்டு துளைகள் அமைந்தன. முற்பகலில் அறுவர், பிற்பகலில் அறுவர் என முறை வகுக்கப்பட்டது. கார்களுக்கு மின்சாரம் பகுக்கும் வேலையை ஒரு கருவி பார்க்கின்றது. அக்கருவியில் எவர்க்கு முதலிடம் என்பதைக் குறிக்கும் பொறுப்பு தமையனார் கையில் உளது. அவரிடம் காரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. அவர் கம்பெனிப் பேருந்தில் செல்பவர். இரவு முறைப் பணியாளர்க்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.

இத்தகைய பங்கீடு சிறு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் 2025 ஜூன் 30 ஆம் நாள் 120 மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடிப் பணிமனையினின்று ஓடத் தொடங்கின. அங்கும் எப்பேருந்து எப்பொழுது உண்பது என்னும் ஒழுங்கின்றேல் விடியற்காலத்து முதல் வண்டி புறப்படுதல் அரிது. நடுவணரசு 2019 இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதித் திருத்தம், வண்டி நிறுத்தும் இடத்தில் நூற்றுக்கு 20 பங்கிற்கு மின்னேற்ற வசதி வேண்டும் என்றும், எல்லாம் ஒருங்கே இயங்கினும் தாங்குமாறு 1.25 மடங்கு மின்வலிமை வேண்டும் என்றும் கூறுகின்றது. புதிதாக எழும் கட்டடத்திற்கு அது நன்று. முன்னரே எழுந்துவிட்டவற்றிற்கோ பங்கீடே துணை.

எங்களூர்க்குத் தெற்கே, பாலாற்றிற்கு அப்பால், உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அவை, குடவோலையால் ஏரி வாரியம் தேர்ந்த முறையைக் கூறும். அறுவர் கொண்ட அவ்வாரியம் ஓராண்டு பணி செய்யும். கணக்குக் காட்டாதார் மீண்டும் வாரியம் புகார். அந்நேர்மை போற்றற்குரியது. ஆயின் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையார்க்கே அங்கே ஓலை எழுதப்பட்டது என்பதும் அக்கல்லிலேயே உளது. மதகில் இறங்கி நின்ற என் முன்னோர் போன்றார்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மின்சாரம் வந்த இடத்தும் கார் உடையாரே கூடித் திட்டமிட்டனர் என்றால், நாம் எதனைக் கற்றோம்?

நண்பர்காள்! நம் கல்லூரி மரநிழலிலும் ஒருநாள் மின்னேற்றிகள் நிற்கும். அன்று கம்பி எத்துணைப் பருமன், விலை எத்துணை என்று கேட்போர் பலர் இருப்பர், கேட்கவும் வேண்டும். அவற்றோடு, ஸ்கூட்டரில் வரும் காவலாளிக்கும் விடுதிச் சமையற்காரர்க்கும் எப்போது முறை என்று கேட்பார் ஒருவராவது நம்முள் இருத்தல் வேண்டும். தலைமடை தானே நிறையும். கடைமடைக்குத்தான் கேட்பார் வேண்டும்.