சக்கரம் வைத்த வீடும் மலாக்கா மழையும்

மலாக்கா மாநிலம் பரப்பில் சிறியது. காலையில் மஸ்ஜித் தானாவில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால், பகல் உணவுக்குள் ஜாசினைத் தாண்டி அசஹான் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தச் சிறிய நிலத்துக்குள் கடற்கரை உண்டு, ஆறு உண்டு, மலையடிவாரத்து அருவியும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் நம்மோடு கூடவே வருவது மழை.

அண்மைக் காலமாக இந்தச் சாலைகளில் ஒரு புதுவித வாகனத்தைக் காண்கிறோம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் குளியலறைகூட அமைத்திருக்கிறார்கள். கேம்பர்வேன் என்பது அதன் பெயர். சக்கரம் வைத்த வீடு என்றால் நம் பாட்டிமாருக்கும் புரியும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் இதை வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். சேமநிதிப் பணத்தைப் போட்டுப் பழைய வேனை வாங்கி மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு பணம் போட்ட வீட்டுக்கு முதல் எதிரி திருடன் அல்ல, தண்ணீர்தான்.

வண்டியில் தங்கும் வழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசிமகத்துக்குத் தோட்டத்து லாரிகளில் சட்டி பானையோடு போய், லாரியிலேயே படுத்து எழுந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். லாரிக்கு மேலே தார்ப்பாய் கட்டும்போது நடுவில் ஒரு கம்பு கொடுத்து உயர்த்திக் கட்டுவார்களாம். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் ஒழுகும். தண்ணீரைத் தடுக்க நினைக்குமுன் அது போக வழி விட வேண்டும் என்ற பாடம் அந்த ஒரு கம்பில் இருக்கிறது.

தஞ்சோங் பிடாரா

மஸ்ஜித் தானாவுக்கு அருகில் இருக்கும் இந்தக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு வருவோர் அதிகம். மாலையில் மலாக்கா நீரிணைக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்தால் மழை என்ற நினைப்பே வராது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், விடியலுக்கு முன் வருகிறதே ‘சுமத்ரா’ என்னும் காற்றுமழை, அதை இங்கே மறக்கக் கூடாது. இரவில் நீரிணைப் பக்கம் உருவாகி, வரிசையாகத் திரண்டு, மேற்கிலிருந்து பாய்ந்து வரும். அந்த மழை மேலிருந்து கீழே விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கும்.

ஆகவே கடலோரத்தில் வேனின் முகம் கடலைப் பார்க்குமாறு நிறுத்துவது நல்லது. காற்று மோதும் பரப்பு குறையும். பக்கக் கதவின் இடுக்கில் மழை அடிப்பதும் குறையும். படுக்கப் போகுமுன் பக்கத்துப் பந்தலைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்காகவே பார்ப்போம். 3 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள பந்தலின் பரப்பு 7.5 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 150 லிட்டர். எடை 150 கிலோ. தட்டையான பந்தல் இதைத் தாங்குமா? பகலில் விரிக்கும்போதும் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டினால் நீர் தானே வடிந்துவிடும்.

கூரையில் ஓட்டை போட்ட இடமெல்லாம் ஒழுகக்கூடிய இடம் என்று கொள்ளலாம். காற்றுப் போக்கி, சூரியத் தகடு, வானொலிக் கம்பி, சன்னல் சட்டம் ஆகியவற்றைச் சுற்றிப் பூசிய பசை நம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஆண்டுக்கு 2 முறையாவது ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். பழைய சிலிக்கோன்மேல் புதிய பசை சரியாக ஒட்டாது; பழையதைச் சுரண்டித் துடைத்த பிறகே பூச வேண்டும். இன்னொன்று: கறை தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. நீர் சட்டத்தின் வழியே ஓடி வேறிடத்தில் சொட்டும். ஒருவர் உள்ளே இருந்து பார்க்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரைக் கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே கொண்டு போனால் உண்மையான இடம் அகப்படும்.

உள்ளிருந்து வந்த வெள்ளம்

என் மைத்துனர் குடும்பம் ஒரு விடுமுறையில் இந்தக் கரையில் தங்கியிருந்தது. நள்ளிரவில் கட்டிலை விட்டு இறங்கிய மருமகள் “அப்பா, தண்ணி!” என்று கத்தினாள். வெளியே ஒரு துளி மழை இல்லை. குளியலறைத் தரைத் துளை வழியாக அழுக்கு நீர் மேலேறி, பாய் வரைக்கும் வந்திருந்தது. மாலையில் 6 பேர் கடலில் ஆடிவிட்டு வந்து குளித்ததில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயும் சரியாக மூடப்படாமல் இரவெல்லாம் ஒழுகியிருக்கிறது. தொட்டியில் இடமில்லாத நீர் மிகத் தாழ்ந்த துளையைத் தேடி வெளியே வந்துவிட்டது.

இப்போது அவர் வீட்டில் 3 பழக்கங்கள் உண்டு. படுக்கும்போதும் வெளியே போகும்போதும் நீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிடுவார். கழிவுநீர்த் தொட்டியை நிரம்பும் முன்பே உரிய இடத்தில் காலி செய்வார். யாரும் குழாய் திறக்காதபோது மோட்டார் தானாக ஓடினால், எங்கோ கசிகிறது என்று உடனே தேடுவார். முகாமிடத்துக் குழாயோடு நேராக இணைப்பவர்கள் அழுத்தம் குறைக்கும் கருவி ஒன்றையும் நடுவில் பொருத்த வேண்டும். ஊர்க்குழாயின் அழுத்தத்தை வேனின் மெல்லிய குழாய்கள் எப்போதும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மழை பெய்யாத இரவிலும் விடிகாலையில் கண்ணாடியெல்லாம் நனைந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது ஒழுகல் அல்ல. உள்ளே படுத்தவர்களின் மூச்சுக் காற்றின் ஈரம். கூரைக் காற்றுப் போக்கியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும்.

மெர்லிமாவ் காட்டும் பாடம்

மலாக்கா பட்டணத்தைக் கடந்து தெற்கே வந்தால் மெர்லிமாவில் 1894இல் கட்டப்பட்ட பெங்ஹுலு வீட்டைக் காணலாம். வண்ண ஓடு பதித்த படிக்கட்டின் அழகைப் பார்ப்பவர்கள், வீடு தூண்களின்மேல் நிற்பதையும் பார்க்க வேண்டும். நீர் அடியில் ஓடிப் போகட்டும் என்று கட்டிய வீடு அது. நம் லயத்து வீடுகளைச் சுற்றியும் காண் வெட்டியிருந்தார்கள். அடைமழை நாளில் வீட்டுக்கு ஓராளாக மண்வெட்டி எடுத்துக் குப்பை தள்ளியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

வேனை நிறுத்துமுன் இந்தக் கண்ணோடு தரையைப் பாருங்கள். புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? சருகும் மணலும் கோடு போட்டதுபோல் ஒதுங்கியிருக்கின்றனவா? அது முன்பு நீர் ஓடிய தடம். பள்ளத்தை விட்டு மேட்டில் நிறுத்துங்கள். மின்சாரக் கம்பியின் இணைப்பு தரையில் கிடக்காமல் உயரத்தில் இருக்கட்டும்.

அசஹான் அருவியோரம்

ஜாசின் வழியாக உள்ளே போனால் செம்பனை வரிசைகளுக்கு அப்பால் குனோங் லேடாங் தெரியும். 1,276 மீட்டர் உயரம். அதன் மலாக்கா பக்கத்து அடிவாரத்தில்தான் அசஹான் அருவி இருக்கிறது. தெளிந்த நீரைக் கண்டதும், ஆற்றை ஒட்டியே வண்டியை நிறுத்தப் பிள்ளைகள் கெஞ்சுவார்கள். இங்கேதான் பெரியவர்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டலாம். அந்த நீர் மொத்தமாக இறங்கி வருவதை மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், நீரின் ஓசை மாறினால், சாமான்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

மலைச்சரிவும் அப்படித்தான். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூர், பத்தாங் காலியில் முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். மலையடிவாரத்தில் செங்குத்தான சரிவின் கீழும், பல நாள் மழையில் ஊறிய மேட்டின் ஓரத்திலும் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது.

திரும்பும் வழியில் சாலையில் வெள்ளம் ஓடினால் ஆழம் பார்க்க இறங்க வேண்டாம். ஓடும் நீர் 1 அடி இருந்தாலே சிறு காரை இழுத்துவிடும். 2 அடி இருந்தால் வேனும் தப்பாது. காத்திருப்பதால் கெடுவது ஒரு நாள் மட்டுமே.

வீடு வந்து சேர்ந்ததும் கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, மெத்தையைத் தூக்கி நிறுத்தி, மரப்பலகையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே நீர் புகுந்து நாளாகிவிட்டது என்று பொருள். உடனே பழுது பார்க்க வேண்டும்.

பசையும் நாடாவும் கடையில் கிடைக்கும். ஆனால் தரையைப் பார்த்து, நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்கும் பழக்கத்தை வீட்டிலேதான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இருட்டாக இருந்தாலும், சோறு பாதி வெந்திருந்தாலும், வண்டியைக் கிளப்பி வேறிடம் போய்விடுங்கள். லயத்து வீட்டுக்கு அந்த வசதி இருக்கவில்லை. இந்த வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது.