அப்பாவின் கொள்கலன்

இருபது காசு நாணய அளவு தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். வானொலியில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, தஞ்சோங் பகாரில் எங்கள் வீட்டு வாசலிலேயே, கறிவேப்பிலைத் தொட்டியின் தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அது அம்மாவின் செடி. கறிவேப்பிலைக்குத் தேக்காவில் காசு கொடுப்பது அம்மாவுக்கு அறவே பிடிக்காது. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதற்காகச் சுவரோடு ஒட்டி, பச்சை பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்தார். அவர் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலை.

இலைகள் மஞ்சளாகியிருந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அப்பா இன்னும் ஊற்றியிருக்கிறார். மண்தொட்டி என்றால் அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக்கில் அடியில் உள்ள துளைகள்தாம் ஒரே வழி. அவற்றை வேர் அடைத்துவிட்டால் செடி சேற்றில் நிற்க வேண்டியதுதான்.

தூக்கலாம் என்று விளிம்பைப் பிடித்தேன். அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. ஆண்டுக்கணக்கில் மாலை வெயில் பட்ட பிளாஸ்டிக்குக்கு அதுதான் கதி. புற ஊதாக் கதிர் அதன் வலுவை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுகிறது. வெளியே பார்த்தால் நிறம் சற்று வெளுத்திருக்கும், அவ்வளவே.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். "உங்கம்மா செடிய என்னம்மா பண்ற?"

"நான் என்ன பண்றேன்? நீங்கதான்ப்பா தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுட்டீங்க."

சொற்களை அளந்து பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். 1972ல் நிஹோன் என்ற கப்பல் 300 கொள்கலன்களுடன் வந்து சேர்ந்ததே, அதே தஞ்சோங் பகார் முனையம். அப்பா அங்கே சேர்ந்தது சில ஆண்டுகள் கழித்து. எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பேரப்பிள்ளைகளின் பெயர் போலச் சொல்வார் என்று அம்மா கேலி செய்வார்.

கால் மணி நேரத்தில் கத்தியோடு திரும்பி வந்து, நாளிதழை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். கறுத்து அழுகிய வேர்களை அவர் நறுக்க, நான் பழைய மிளகாய்த் தொட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவினேன். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிட ஊறல், பிறகு நன்றாக அலசல். பழைய செடியின் நோய் புதியதற்குத் தொற்றாமல் இருக்கத்தான். தட்டையும் சும்மா கவிழ்த்துவிட்டு விடவில்லை. ஏடிஸ் முட்டை காய்ந்தாலும் பல மாதம் பிழைத்திருக்குமாம். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மேல்மண் இறுகினால் அதன்மேலும் தண்ணீர் தேங்கும் என்பதால் அப்பா அதைக் கிளறிவிட்டார்.

இனி முதல் கணுவரை விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது, ஊற்றினால் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் ஒரு கோடு போடுவது என்று முடிவானது. நாட்காட்டி யோசனை அப்பாவுடையது. "கப்பல்ல எல்லாத்துக்கும் பதிவு உண்டும்மா" என்றார். வேர் போன அளவுக்குக் கிளைகளையும் வெட்டிவிட்டோம். மொட்டையாக நிற்கிறது.

அதிகாலை நிகழ்ச்சி முடிந்து வந்து, பகலில் நான் தூங்கிவிடுகிறேன். நேற்று எழுந்து நாட்காட்டியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் நான்கு கோடுகள் இருந்தன.

பலதுறை மருந்தகத்தில் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.