தலை குனிந்தால்தான் உள்ளே போக முடியும்! - ஈரானின் ‘வலிமை வீடு’

ஈரானின் நடுவே, பாலைவனத்தை ஒட்டிய நகரம் யஸ்து. மண் நிறச் சுவர்கள், குறுகலான சந்துகள், காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் உயரமான கோபுரங்கள் என்று ஊரே பழங்காலத்தில் நின்றுவிட்டதுபோல இருக்கும். 2017-ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே அமீர் சக்மாக் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஐந்து காற்றுக் கோபுரங்களோடு நிற்கிறது ஒரு கட்டடம். சுமார் 1580-ல் ஊர் மக்களின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட தொட்டி அது. இன்று அதில் தண்ணீர் இல்லை. பொழுது சாய்ந்தால் முரசுச் சத்தம் கேட்கும். வியர்வை வாசம் அடிக்கும். ஆம், அது இப்போது உடற்பயிற்சிக் கூடம்!

பாரசீக மொழியில் இதற்கு ‘ஜூர்கானே’ என்று பெயர். ‘ஜூர்’ என்றால் வலிமை, ‘கானே’ என்றால் வீடு. தமிழில் ‘ஜோரான சாப்பாடு’ என்கிறோமே, அந்த ‘ஜோர்’ இந்தச் சொல்லின் உறவுதான். சென்னையில் இருக்கும் ‘ஜிம்கானா’வின் ‘கானா’வும் அப்படியே. ஈரான் முழுக்க இப்படிப்பட்ட வலிமை வீடுகள் உண்டு.

மரபுப்படி கட்டிய ஜூர்கானேவின் வாசல் உயரம் குறைவாக இருக்கும். எவ்வளவு பெரிய பலசாலியானாலும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும். முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

உள்ளே, கூடத்தின் நடுவில் எட்டு மூலைகளோடு ஒரு பள்ளம். ‘கௌத்’ என்கிறார்கள். அதில் இறங்கும்முன் குனிந்து தரையைத் தொட்டு, விரல்களை உதட்டில் ஒற்றிக்கொள்வது வழக்கம். நம் ஊர்ப் பயில்வான்கள் கோதா மண்ணைத் தொட்டுக் கும்பிடுவது நினைவுக்கு வரும்.

பள்ளத்துக்கு மேலே, உயரமான மேடையில் முரசோடு உட்கார்ந்திருப்பவர் ‘மோர்ஷெத்’. பயிற்சி முழுவதும் இவர் தாளத்தில்தான் நடக்கும். வீரக் காவியங்களையும் ஞானக் கவிதைகளையும் பாடிக்கொண்டே முரசு அடிப்பார். தாளம் மெதுவாகத் தொடங்கும், வேகமெடுக்கும், மறுபடி தணியும். அதற்கேற்ப மூச்சும் ஏறி இறங்கும். மூத்த பயில்வான் யாராவது உள்ளே வந்தால் மணி அடித்து மரியாதை செய்வார்.

கருவிகள் எல்லாம் பழைய போர் ஆயுதங்களின் சாயல். ‘சங்’ என்பது கேடயம் போன்ற இரண்டு கனமான பலகைகள். மல்லாந்து படுத்து, இரண்டு கைகளாலும் தூக்கி இறக்க வேண்டும். இன்றைய ‘பெஞ்ச் பிரஸ்’ஸின் தாத்தா என்று சொல்லலாம். ‘கப்பாதே’ என்பது கனத்த சங்கிலி கட்டிய இரும்பு வில். தலைக்கு மேல் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்டும்போது கலகலவென்று ஒலிக்கும்.

‘மீல்’ என்ற கருவியைப் பார்த்ததும் தமிழர்கள், “அட, நம்ம கர்லாக்கட்டை!” என்பார்கள். கதாயுதம் போன்ற மரக்கட்டைகளைத் தோளுக்குப் பின்னால் சுழற்றும் அதே பயிற்சிதான். இந்தியாவில் கர்லாக்கட்டையைப் பார்த்த ஆங்கிலேயர்கள் 19-ம் நூற்றாண்டில் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது.

இங்கே ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. நரைத்த தாத்தாவும் மீசை அரும்பாத பையனும் ஒரே பள்ளத்தில் நிற்பார்கள். கட்டைகள் பல எடைகளில் இருக்கும். உடம்பு எதைத் தாங்குமோ அதை எடுத்துக்கொள்ளலாம். கைகளை விரித்துச் சுழலும் பயிற்சியில் இளையவர் முதலில் சுற்றுவார், மூத்தவர் கடைசியில். தொடங்கும்முன் மற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். பயிற்சி முடியும்போது எல்லோருக்காகவும் பிரார்த்தனை.

உடம்பை வளர்ப்பது எதற்காக என்ற கேள்விக்கு ஈரானியர்கள் சொல்லும் பதில், கோலாம்ரெஸா தக்தி. தெஹ்ரானின் ஏழைப் பகுதியில் 1930-ல் பிறந்த மல்யுத்த வீரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். எதிராளியின் முழங்காலில் காயம் என்று தெரிந்ததும், அந்தக் காலைத் தொடாமலே மோதினார் என்று இன்றும் சொல்வார்கள். 1962-ல் புயின் ஸஹ்ரா பூகம்பம் 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோது, தெஹ்ரான் வீதிகளில் தானே இறங்கி நடந்து உதவி திரட்டினார். பதக்கத்துக்காகக் கொண்டாடியதைவிட, இதற்காகத்தான் மக்கள் அவரை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். 37 வயதிலேயே இறந்துபோனாலும், அவர் படம் மாட்டாத ஜூர்கானேவைப் பார்ப்பது அரிது.

தக்தி செய்தது புதிதல்ல. கஷ்டத்தில் இருப்பவருக்காகக் கூடிப் பணம் சேர்க்கும் ‘கோல்ரிஸான்’ என்ற வழக்கம் ஜூர்கானேக்களில் உண்டு. தூக்கப் பழகும் சுமைகளில் அடுத்தவர் சுமையும் ஒன்று!

2010-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பாரம்பர்யமாக அறிவித்தது. ஆனாலும், நவீன ஜிம்களும் இங்கே போட்டிக்கு நிற்கின்றன. கண்ணாடி முன்னால் தனியாக எடை தூக்குவது இளைஞர்களுக்கு எளிது. பள்ளத்தில் இறங்கி, பெரியவர் முன்னால் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். மரபுப்படி இது ஆண்களின் இடம் என்பதும் ஒரு குறைதான். யஸ்துக்கு வரும் பெண் பயணிகள் இப்போது உட்கார்ந்து பார்க்கலாம். பள்ளத்தில் இறங்க முடியாது.

பிரார்த்தனை முடிகிறது. முரசு ஓய்கிறது. கட்டைகள் சுவரோரம் திரும்புகின்றன. துண்டால் முகம் துடைத்தபடி ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். உடம்பு முறுக்கேறியிருக்கிறது, மனசு லேசாகியிருக்கிறது. வாசல் தாழ்வான ஜூர்கானேக்களில் வெளியே போகும்போதும் தலை குனிய வேண்டும். அங்கே பழகியவர்களுக்கு அதை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.