இரண்டு எச்சரிக்கைகள்

வீடியோ கேம் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிற தகப்பனார்களின் குரல். மற்றது, புதிதாக என்ன வந்திருக்கிறது, என்ன விலை என்கிற கடைக்காரரின் குரல். இரண்டிலும் விளையாடுகிறவன் இல்லை. அவனுக்கு அங்கே என்ன நேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு வயது 35. வங்கியில் குமாஸ்தா, கவிதை பற்றி அவ்வப்போது எழுதுகிறவன், இரவில் விளையாடுகிறவன். கடைசியாகச் சொன்னதை ஒரு பலவீனமாக எடுத்துக்கொண்டு நண்பர்கள் பெருந்தன்மையோடு மன்னித்துவருகிறார்கள். இவ்விஷயத்திற்கு மன்னிப்பு அல்ல, கவனம்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

என் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் பரிச்சயம் திருவிழாக் கடைகளில் தொங்கிய 'பிரிக் கேம்'. கைக்கடக்கமான பிளாஸ்டிக், சாம்பல் நிறத் திரை, மேலே '9999 கேம்கள்' என்று ஓர் அப்பட்டமான பொய். சில விளையாட்டுகளே வேகத்தை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அவற்றுள் மற்றதையெல்லாம் மறக்கடித்தது டெட்ரிஸ். 1984ல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு மையத்தில் சம்பளத்துக்கு இருந்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது அது. அவரிடமிருந்த எலக்ட்ரோனிகா 60 இயந்திரத்தில் படம் வரைய வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்தே கட்டங்களை உண்டாக்கினார். உலகம் முழுவதும் விற்ற அந்த விளையாட்டிலிருந்து 1996 வரை அவருக்கு ராயல்டி வரவில்லை.

டெட்ரிஸில் கதை இல்லை, பாத்திரம் இல்லை, நம் விமர்சகர்கள் தேடியலைகிற 'செய்தி' இல்லை. ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள், விழும் வேகம், அவ்வளவே. உருவமே போதும் என்று வாதாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நானும் பல வருஷங்கள் அப்படி நம்பியவன்தான். ஆனால் விளையாடி எழுந்தபின் மனதில் ஒன்றும் ஒட்டியிருப்பதில்லை. கண்ணை மூடினால் கட்டங்கள் விழும். அது அனுபவம் அல்ல, அசதி.

வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது விளையாடுவதிலிருந்து பிரிந்து ஒரு தனிப் பழக்கமாகிவிட்டது. கல்லூரி நாட்களில் சென்னை ரிச்சி தெருவில் சிடி வாங்கினோம். எது அசல் என்ற கேள்வி எழுந்ததில்லை. பிறகு ஸ்டீம் வந்தது. 2015லிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். வருஷத்தில் சில தடவை தள்ளுபடி. அந்த நாட்களில் வாங்குகிறவன் வாங்குவது விளையாட்டை அல்ல, அதை விளையாடப் போகிற ஓய்வை. அந்த ஓய்வு வருவதில்லை. என் பட்டியலில் 140 இருக்கின்றன. திறந்து பார்த்தது 40 தேறினால் அதிகம். படிக்காத புத்தகம் அலமாரியில் மௌனமாக இருக்கிறது. இதுவோ ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி விளையாடினாய் என்று எழுதிவைக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடியிராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இச்சலுகை தமிழ் நாவல்களுக்கு வந்தால் பதிப்பாளர்கள் கதி என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வாங்கியது நம்முடையதுமல்ல. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் இடத்திலேயே, கிடைப்பது உரிமம் மட்டும் என்று அறிவித்துவிடுகிறார்கள். யூபிசாஃப்ட் 2014ல் விற்ற 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31ந் தேதி நிறுத்தியது. விலை கொடுத்தவர்களிடம் பிறகு ஒன்றுமில்லை. பணம் கொடுத்தவுடன் ஒரு பொருள் நம்முடையதாகிறது என்ற எண்ணம் இத்துறையில் செல்லாது. ஆகவே 'விலை' என்ற சொல்லை வேறு அர்த்தத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. விளையாடும்போது கொடுக்க நேர்கிற விலை என்ற அர்த்தத்தில்.

அதைக் காட்டியது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூகஸ் போப் என்ற அமெரிக்கர் ஜப்பானில் வசித்தபோது அநேகமாகத் தனியாளாகச் செய்தது, 2013ல் வெளியாயிற்று. காலம் 1982 நவம்பர். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. குலுக்கலில் எல்லைச் சாவடி வேலை கிடைத்த ஒருவனாக நாம் உட்காருகிறோம். வரிசையில் ஆட்கள் வருகிறார்கள். பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, வேலை அனுமதி. முத்திரை, தேதி, எடை, முகம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பச்சையோ சிவப்போ குத்தி அனுப்ப வேண்டும். ஆளுக்கு 5 கிரெடிட் கூலி. விதிகள் தினமும் மாறுகின்றன. மேஜை வேண்டுமென்றே சிறியது. ஒரு தாளை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டும். சாயங்காலம் வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று ஒரு கணக்குத் தாள். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா.

காஃப்கா 1908லிருந்து 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மேஜைக்குப் பின்னாலிருந்து உலகத்தைப் பார்த்தவர். எனினும் அவர் நாவல்களில் நாம் மேஜைக்கு முன்னால் நிற்கிறவனோடுதான் நிற்கிறோம். அலுவலகம் புரியாத இருளாக எதிரே இருக்கிறது. போப் நம்மை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுகிறார். இருள் எதுவுமில்லை. எல்லாம் விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. பயங்கரம் அந்தத் தெளிவில் இருக்கிறது.

ஒரு நாள் ஒருவன் வருகிறான். தாள்கள் சரி. அடுத்து என் மனைவி, கருணை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். நாவலில் என்றால் அந்த அதிகாரி என்ன செய்வான் என்று காத்திருப்போம். இங்கே முத்திரை நம் கையில்.

போப் இதற்கு வைத்திருக்கும் விதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு நாளில் முதல் இரண்டு பிழைகளுக்கு வெறும் எச்சரிக்கைச் சீட்டு. மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். ஆக, இரக்கப்பட விரும்புகிறவனுக்குத் தினம் இரண்டு தடவை இலவசம். ஆனால் கவனக்குறைவால் செய்கிற பிழைகளும் அதே கணக்கில்தான் சேரும். காலையில் ஒரு தேதியைப் பார்க்கத் தவறி, இன்னொன்றில் ஊர்ப்பெயரைப் பார்க்கத் தவறியவன், மத்தியானம் அந்தப் பெண் வரும்போது மகனின் மருந்துக் காசிலிருந்துதான் இரக்கப்பட முடியும். கருணை காட்ட வேண்டுமானால் முதலில் தேர்ந்த குமாஸ்தாவாக இருக்க வேண்டும். இதை எந்தப் பாத்திரமும் சொல்வதில்லை. எங்கும் எழுதியும் இல்லை. கூட்டல் கழித்தல் சொல்கிறது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்காகப் போட்ட சண்டைக்கு இங்கே இடமில்லை. விதியே உருவம்; அதுவே பொருள்.

குறையும் உண்டு. இரண்டாம் முறை விளையாடும்போது யார் எந்த நாளில் வருவார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அவளுக்காக ஓர் எச்சரிக்கையை மிச்சம் பிடித்து வைக்கிறோம். இரக்கம் தந்திரமாகிவிடுகிறது. இருபது முடிவுகள் இருக்கின்றன என்று தெரிந்தபின் அவற்றைச் சேகரிக்கத் தொடங்குகிறோம். குடும்பம் செத்தாலும் அது ஒரு முடிவு. முதல் தடவையின் கனம் மறுபடி கிடைப்பதில்லை. நல்ல கவிதைக்கு இது நேர்வதில்லை என்பதை இக்கலையின் பிரியர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் வேலை பார்க்கும் கிளையிலும் நவம்பர்தான் கூட்டம் அதிகமுள்ள மாதம். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் தர வேண்டும். 2014லிருந்து கைரேகை வைத்தும் தரலாம். ஆனால் வேலை செய்து தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமல் போவதுண்டு. பிறகு தாள், கையெழுத்து, பழைய கையெழுத்தோடு ஒப்பிடுதல். எண்பது வயதுக் கை நடுங்குகிறது. எதிரே நிற்கிறவர் உயிரோடிருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, தாளுக்குத்தான் சந்தேகம். சுற்றறிக்கைகள் இங்கேயும் அடிக்கடி மாறுகின்றன.

அந்த விளையாட்டு என்னை இளகச் செய்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது கலைக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கிற போலி நற்சான்றிதழ். ஒரு வித்தியாசம் மட்டும் தெளிவாகியிருக்கிறது. ஆர்ஸ்டோட்ஸ்காவில் இரக்கத்தின் விலையை மேஜைக்குப் பின்னால் இருப்பவன் கொடுக்கிறான். இங்கே இரக்கமின்மையின் விலையை முன்னால் நிற்பவர் கொடுக்கிறார், அடுத்த பஸ்ஸுக்குக் காசாகவும் இன்னொரு நாளாகவும். எங்கள் கணக்குத் தாளில் அது ஏறுவதே இல்லை.