புல்லட்டும் என் கறுப்பு மார்க்கரும்

சார்ட் எழுத வாங்கின கறுப்பு மார்க்கர் எப்படித் தீர்ந்துச்சுன்னு அறிவியல் டீச்சர் கேட்டாங்க. அன்னைக்குப் பேசாம நின்னேன். இப்ப எழுதுறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போற ரோட்டில் எங்க அப்பா பைக் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காங்க. சாரல் அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் எங்களுக்கு வருமானம். அப்பாவுக்குப் பழைய புல்லட் என்றால் உயிர். 1956 முதல் நம்ம சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி அது. 2008-க்கு அப்புறம் வந்த இன்ஜினில் டேப்பெட் தன்னாலே சரியாயிடும். 2020-ல் மீட்டியரோடு வந்த 350 சிசி இன்ஜினில் புஷ்ராடே கிடையாது. பழசுக்குக் கையால்தான் டேப்பெட் வைக்கணும்.

புஷ்ராடு என்றால் நீளமான ஒரு கம்பி. இன்ஜினுக்குக் கீழே கேம் சுற்றும்போது டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் இந்தக் கம்பியைத் தூக்கும், கம்பி மேலே இருக்கிற ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். சீசா பலகை மாதிரி ராக்கரின் மறுமுனை இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும்.

ஜூலையில் ஒரு அண்ணன் பழைய 350 புல்லட் கொண்டு வந்தார். ஆரியங்காவு ஏற்றத்தில் சீறிக்கிட்டுப் போகணும்னு, வெளியூரில் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்து, வால்வைக் கூடுதலாத் தூக்குற கேமும் கெட்டியான ஸ்பிரிங்கும் போட்டிருந்தார். "சத்தம் வருது அண்ணாச்சி, டேப்பெட் வச்சுத் தாங்க" என்றார். அப்பா வேறு வண்டியில் கை வச்சிருந்தாங்க. "ஏட்டி, நீ வையி, நான் பாக்கேன்" என்றாங்க.

ஏழாம் வகுப்பிலிருந்தே எனக்கு இது தெரியும். இன்ஜின் ஆறியிருக்கணும். பிஸ்டன் மேலே, ரெண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தணும். புஷ்ராடு விரலால் திருப்பினா லேசா சுற்றணும், ஆனா மேலும் கீழும் ஆடக்கூடாது. அப்படியே வச்சு லாக் நட்டை இறுக்கினேன். ஒண்ணு மட்டும் இடிச்சது. சைலன்சர் பக்கத்து வால்வோட புஷ்ராடில் அட்ஜஸ்டர் கடைசிவரை உள்ளே போயிருந்தது. இன்னும் குறைக்க இடமே இல்லை. பார்த்தேன். அப்பாகிட்ட சொல்லலை. அதான் வச்சு முடிச்சாச்சேன்னு கையைக் கழுவிட்டேன்.

ரெண்டு நாளில் அந்த அண்ணன் திரும்பி வந்தார். டிக், டிக், டிக். கடையில் நாலு பேர் நிற்கிறப்போ, "சின்னப் புள்ளைய விட்டு வேலை பாத்தா இப்படித்தான் ஆகும்" என்று சத்தம் போட்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "வச்சது நான்தான் தம்பி. நாளைக்குப் பிரிச்சுப் பாக்கேன்" என்றாங்க. எனக்கு ராத்திரி சோறு இறங்கலை.

மறுநாள் சனிக்கிழமை. முதல்ல அப்பா பெரிய ஸ்க்ரூ டிரைவரை ஹெட்டில் வச்சு, பிடியைக் காதில் வச்சுக் கேட்டாங்க. இன்ஜின் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அந்த டிக். வால்வு அப்படித்தான் திறக்கும், அதனால் சத்தம் மேலேதான். இன்ஜின் ஆறினதும் புஷ்ராடைத் திருப்பிப் பார்த்தாங்க. நான் வச்சது நகரலை. அப்புறம் ரெண்டு புஷ்ராடையும் எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டினோம். வளைஞ்சிருந்தா துள்ளும். துள்ளலை.

அப்போதான் அப்பா "மார்க்கர் இருக்கா?" என்று கேட்டாங்க. ராக்கர் வந்து வால்வு நுனியை அமுக்கும் இடத்தில் கறுப்பு மை பூசி, எல்லாத்தையும் மாட்டி, பிளக்கைக் கழற்றிட்டு, கிக்கரைக் கையால் மெதுவா அமுக்கிச் சில சுற்று சுற்றினோம். மறுபடி கழற்றினா, ராக்கர் தேய்ச்ச இடத்தில் மை போயிருக்கும். இன்லெட் வால்வில் நட்ட நடுவில் மெல்லிசா ஒரு கோடு. மற்றதில் ஓரத்துக்கு ஒதுங்கி அகலமா இழுத்திருந்தது. நம்பாம நாலு தடவை பூசினோம். மார்க்கர் அங்கேதான் போச்சு டீச்சர்.

கணக்கு நோட்டில் அப்பா படம் போட்டுக் காட்டினாங்க. வால்வு பாதி திறந்திருக்கும்போது ராக்கர் கையும் வால்வுத் தண்டும் செங்கோணத்தில் இருக்கணும். அப்போ ராக்கர் நுனி கொஞ்சம்தான் வழுக்கும். தண்டு உயரமா நின்னா அந்தச் செங்கோணம் நேரத்துக்கு வராது. ராக்கர் ஒரே பக்கமா இழுத்துத் தேய்க்கும், தண்டைச் சாய்ச்சுத் தள்ளும். கேம் கூடுதலாத் தூக்கினா இழுப்பும் கூடும். வால்வைப் பிடிச்சு ஆட்டினா ஒரு பக்கம் மட்டும் நல்லாவே ஆடியது. கைடு தேய்ஞ்சிருந்தது, அதான் சத்தம்.

தண்டு ஏன் உயர்ந்தது? கடையில் கிடந்த பழைய ஹெட்டோடு வச்சு, நம்ம முதல் பாடத்து வெர்னியர் அளவியால் நானே அளந்தேன். ஒன்றரை மில்லி கூடுதல். வெளியூரில் வால்வு சீட்டை ஆழமா வெட்டியிருக்காங்க. வால்வு உள்ளே போகப் போக தண்டு வெளியே நீளும், ராக்கரின் மறுமுனை இறங்கும், புஷ்ராடைக் குறைக்க வேண்டி வரும். அட்ஜஸ்டர் கடைசிவரை போனதுக்கு அதுதான் காரணம்.

அப்போதான் சொன்னேன். "அன்னைக்கே பாத்தேம்ப்பா, சொல்லலை." அப்பா ஸ்பேனரைக் கீழே வச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அந்த மலையில வால்வு உடஞ்சு இன்ஜின் இறுகிருந்தா அந்தத் தம்பி என்னட்டி ஆவான்?" என்று மட்டும் கேட்டாங்க.

லேத்தில் புது சீட், கைடு போட்டு வர நாலு நாள் ஆச்சு. மை பூசிப் பார்த்தோம், கோடு நடுவுக்கு வந்தது. டேப்பெட்டை நானே வச்சேன். அந்த அண்ணன் வந்து கிக் அடிச்சுக் குனிஞ்சு கேட்டார். டிக் இல்லை. "இந்தத் தடவை யார் வச்சது?" என்றார்.

"எம்மவ" என்றாங்க அப்பா.

அவர் பதில் சொல்லலை. காசைக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டார். அப்பா புது மார்க்கர் வாங்கித் தந்தாங்க, ஆனா அதுவும் இப்ப கடை டப்பாவில்தான் கிடக்கு. அதனால்தான் டீச்சர், இந்தத் தாள் நீல ஸ்கெட்ச்சில்.

— 9-ஆம் வகுப்பு மாணவி