மணல் தீவில் நின்ற வண்டி

முழுக்க முழுக்க மணலாலேயே ஆன ஒரு தீவு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஒன்றிரண்டு பாறை முனைகளை விட்டுவிட்டால், தோண்டிய இடமெல்லாம் மணல்தான். ஆயினும் அந்த மணலின்மேல் வானளாவிய மழைக்காடு வளர்ந்திருக்கிறது. காட்டினிடையே கண்ணாடி போன்ற நன்னீர் ஏரிகள் கிடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையை ஒட்டி, 120 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் கிடக்கும் அத்தீவே உலகின் மணல் தீவுகளில் மிகப் பெரியது. 1992-ஆம் ஆண்டில் அது உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

நெடுங்காலம் அதற்கு ஃபிரேசர் தீவு என்று பெயர். 1836-இல் கப்பல் உடைந்து அங்கே கரையேறிய ஒரு மாதின் குடும்பப் பெயர் அது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவரும் புச்சுல்லா மக்கள் தங்கள் தாயகத்தைக் 'கர்ரி' என்றே அழைத்தனர். இன்பவனம் என்பது அதன் பொருள். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசு அப்பழம் பெயரையே முறைப்படி மீண்டும் சூட்டியது. அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின்னர், ஆகஸ்டில், பிரிஸ்பேன் நகரில் வாழும் என் மகனின் குடும்பத்தோடு அத்தீவைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

சாதாரணக் கார்கள் அங்கே செல்ல இயலா. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசை செல்லும்படி அமைந்த ஜீப் வகை வண்டிகளே செல்ல முடியும். அதற்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். என் மகன் அத்தகைய வண்டியொன்றைப் புதிதாக வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கடற்கரைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஆசையோடு வாங்கிய வண்டி. அதற்கான கடன் தவணை இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி.

இன்ஸ்கிப் முனை என்னுமிடத்தில் தட்டைப் படகொன்று வண்டிகளைச் சுமந்து அக்கரை சேர்க்கிறது. படகேறுமுன் மகன் கீழிறங்கி, நான்கு டயர்களிலிருந்தும் காற்றில் ஏறத்தாழ பாதியை வெளியேற்றினான். "காற்றுக் குறைந்தால் டயர் அகன்று பரவும், அப்பா. அப்போதுதான் மணலில் புதையாமல் மிதந்து செல்லும்" என்று விளக்கினான். ஒட்டகத்தின் பாதத்தை இறைவன் அகலமாய்ப் படைத்த காரணம் எனக்கு அன்றுதான் நன்கு விளங்கிற்று.

அக்கரையில் நான் கண்ட காட்சியை என்னென்பேன்! இடப்புறம் மணற்குன்றுகள்; வலப்புறம் பசிபிக் பெருங்கடல்; நடுவே, ஈரம் காயாத மணற்பரப்பில், வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. 75 மைல் கடற்கரை என்று பெயர் பெற்ற அது வெறும் கடற்கரையன்று. சட்டப்படி அது ஒரு சாலை. மணிக்கு 80 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு உண்டு. சாலை விதிகள் யாவும் அங்கே செல்லும். சிறு விமானங்களும் அம்மணலிலேயே இறங்குகின்றன. அவற்றுக்கு வண்டிகள் வழிவிடவேண்டும். ஆனால் அச்சாலைக்கு எசமான் கடல்தான். நீர் ஏற்றத்தின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் அதில் ஓட்டலாகாது என்று எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மதியாத ஒருவருடைய வண்டி, சன்னல்வரை அலையில் மூழ்கிக் கிடந்ததை நாங்கள் போகும் வழியிலேயே கண்டோம்.

கரையோரம் 'மகீனோ' என்னும் பழங்கப்பல் துருப்பிடித்துக் கிடக்கிறது. முதல் உலகப் போரில் மருத்துவமனைக் கப்பலாகப் பணிபுரிந்த அது, உடைத்து விற்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துச் செல்லப்படுகையில், 1935-ஆம் ஆண்டு புயலில் சிக்கி அங்கே ஒதுங்கியது. உப்பு நீர் இரும்பை என்ன செய்யும் என்பதற்கு அதனினும் சிறந்த பாடம் வேண்டியதில்லை. அந்தப் பாடத்தை நாங்கள் அப்போது படிக்கத் தவறினோம்.

அதற்குச் சற்றுத் தெற்கே ஈலி ஓடை, தெளிந்த நன்னீரைச் சுமந்து கடற்கரையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கடலில் கலக்கிறது. மகன் வண்டியை நிறுத்தி, முதலில் தானே இறங்கி நடந்து ஆழம் பார்த்தான். பத்து வயதுப் பேத்தியும் உடன் இறங்கிவிட்டாள். தண்ணீர் அவள் முழங்காலைத் தாண்டவில்லை. மருமகள் அதைப் புகைப்படம் எடுத்தாள். பின்னர் வண்டி மெதுவாக ஓடையைக் கடந்தது.

மறுநாள் காலை, காட்டுக்குள் செல்லும் மணற்பாதையில், வண்டியின் முன்பக்க அடியிலிருந்து மாவு இயந்திரம் அரைப்பது போன்ற ஓசை எழுந்தது. சில நிமிடங்களில் அது அலறலாக மாறியது. பின்னர் 'படார்' என்ற ஒலியோடு வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் நெடிதுயர்ந்த மரங்கள், ஆள் அரவமில்லை, கைப்பேசியில் தொடர்பு இல்லை. அவ்வழியே வந்த ஒரு குடும்பத்தார் செய்த உதவியால் செய்தி வெளியே சென்றது. இழுவை வண்டி வந்து, எங்கள் வண்டியைக் கட்டி இழுத்து, படகேற்றி, பெருநிலம் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்கான கூலியைக் கேட்டபோது மகனின் முகம் வெளுத்தது. அவனுடைய ஒரு மாதத் தவணையைப் போல மூன்று மடங்கு!

"ஐந்து ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது, அப்பா; கவலை வேண்டா" என்று அவன் என்னைத் தேற்றினான். ஆனால் வண்டியை விற்ற நிலையத்தார் பத்து நாள் கழித்து அனுப்பிய பதில் மூன்றே வரிகள்தாம். முன் அச்சிலுள்ள 'டிபரன்ஷியல்' பெட்டிக்குள், அதாவது விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிக்குள், தண்ணீர் புகுந்திருக்கிறது; சாலையல்லாத இடத்தில் ஓட்டியதால் நேர்ந்த சேதம்; ஆகவே உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதியிருந்தார்கள்.

அன்றிரவு அவ்வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. நண்பர் ஒருவர் வந்து ஒரு யோசனை சொன்னார். "தீவுக்குப் போனதையே ஒப்புக்கொள்ளாதே. மழையில் நகரச் சாலையில் தேங்கிய வெள்ளத்தில் ஓட்டினேன் என்று எழுது" என்றார். மகன் மௌனமாயிருந்தான். அவன் மனம் ஊசலாடுவதை நான் கண்டேன். அப்போது மருமகள் பேசினாள்: "இந்தத் தீவுக்குப் போவதற்காகத்தானே இந்த வண்டியை நமக்கு விற்றார்கள்? போனதை நாம் ஏன் மறைக்கவேண்டும்? மறைத்தால் தவறு செய்தவர்கள் நாம் என்றல்லவா ஆகும்?"

அந்தக் கேள்விதான் வழக்கின் திருப்புமுனை. மறுநாளே மகன் எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பினான்: தீவின் அனுமதிச் சீட்டு, படகுச் சீட்டு, ஓடையில் பேத்தி நிற்கும் படம், வண்டியைப் பழுது பார்த்த ரசீதுகள். விற்பனைக்கு முன் அவர்கள் தந்த வண்ணப் புத்தகத்தில் அதே வகை வண்டி ஓடையைக் கிழித்துச் செல்லும் படம் இருந்தது. வண்டியோடு வந்த கையேட்டிலோ, 700 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரைக் கடக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. பேத்தியின் முழங்கால் உயரத்தை அளந்தோம். 400 மில்லிமீட்டர்கூட இல்லை.

பின்னர் அந்நிலையத்தோடு தொடர்பில்லாத முதியதொரு மெக்கானிக்கிடம் கட்டணம் செலுத்திச் சோதனை செய்வித்தான். அவர் பொறுமையாக எனக்கும் விளக்கினார். ஓடும்போது அப்பெட்டி சூடாகும். உள்ளிருக்கும் காற்று விரியும். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது காற்று சுருங்கும், வெளியிலிருந்து உறிஞ்சும். அந்நேரம் தண்ணீரை உறிஞ்சாதிருக்கவே மூச்சுக்குழல் போன்ற ஒரு ரப்பர் குழாயை இயந்திரத்தின் மேற்பகுதிவரை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். எங்கள் வண்டியில் அக்குழாயைப் பிடிக்கும் கொக்கி மாட்டப்படவே இல்லை! குழாயின் நுனி, நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கியது. கொக்கி இருக்கவேண்டிய துளையில் கீறல்கூட இல்லாமல் பூச்சு அப்படியே இருந்தது. பெட்டியிலிருந்த எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாக மாறியிருந்தது. "இது ஒரு நாளில் ஆனதன்று; முந்தைய பயணங்களிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நீர் புகுந்திருக்கிறது" என்றார் அவர். இரண்டு மாதங்களுக்கு முன்னர் அந்நிலையமே செய்த பராமரிப்பின் ரசீதில், 'டிபரன்ஷியல் எண்ணெய்: சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் குறியிட்டிருந்தார்கள்.

இங்கே வாசகர்கள் ஒரு செய்தியை அறிந்துகொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே நுகர்வோர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாய் இருக்கவேண்டும். வாங்குபவர் எதற்கென்று சொல்லி வாங்கினாரோ அதற்கு உதவுவதாய் இருக்கவேண்டும். நிறுவனம் தானாக வழங்கும் உத்தரவாதத்துக்கு மேலாக நிற்கும் உரிமை இது. எந்த நிபந்தனையை அச்சிட்டாலும் இதனைப் பறிக்க இயலாது. பெரும் பழுதாயின், பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வண்டி பெறுவதா என்பதை வாங்கியவரே தேர்ந்துகொள்ளலாம். பழுதினால் நேரும் என்று எதிர்பார்க்கத்தக்க பிற நட்டங்களையும் கோரலாம். அதே சட்டம் மறுபக்கத்தையும் மறக்கவில்லை. முறையற்ற விதத்தில் பயன்படுத்திப் பொருளைக் கெடுத்தவருக்கு அவ்வுரிமை கிடையாது. அலையில் மூழ்கிக் கிடந்த அந்த வண்டிக்காரர் தரக்குறைவைக் காரணம் காட்ட முடியாதல்லவா?

இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டமன்று. புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் என்னும் டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி அமைப்பு ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று 2022-ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பற்றிய வழக்கு.

மகன் எழுதிய கடிதம் நான்கு பக்கம். தீவுக்குச் சென்ற நான்கு முறைகளையும், கடந்த ஓடைகளையும் ஒளிக்காமல் வரிசையாக எழுதினான். சாலையல்லாத இடம் என்றீர்கள். அது வேக வரம்புள்ள சாலை. தண்ணீர் புகுந்தது என்றீர்கள். உண்மைதான், நீங்கள் கட்டாமல் விட்ட குழாய் வழியே புகுந்தது. உத்தரவாதம் பொருந்தாது என்றீர்கள், சட்டம் பொருந்தும். இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் சான்றை இணைத்தான். ஒரு மாதம் பதிலில்லை. பின்னர் மாநிலத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தான். அங்கே வழக்கறிஞரின்றித் தாமே முறையிடலாம். ஒரு இலட்சம் டாலர்வரையுள்ள வண்டி வழக்குகளை அது விசாரிக்கிறது. விசாரணைக்கு முன்பே நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. பெட்டியை முழுதும் மாற்றித் தரவும், இழுவைக் கூலியைத் திருப்பித் தரவும் இசைந்தார்கள்.

முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. வண்டியின் அடிப்பாகமும் தடைத் தட்டுகளும் துருப்பிடித்திருந்தன. அவற்றையும் கோரலாமென்று நண்பர் தூண்டினார். முதிய மெக்கானிக் தலையை அசைத்தார். "ஒவ்வொரு முறை திரும்பியதும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவினாயா?" என்று கேட்டார். இரண்டு முறை கழுவவில்லை என்பதை மகன் ஒப்புக்கொண்டான். அந்தச் செலவை அவனே ஏற்றான். சண்டை தொடங்கியபோது இருந்த கோபம் அப்போது அவனிடம் இல்லை.

அன்புள்ள வாசகர்களே, வண்டியோ, தையல் இயந்திரமோ, எதுவாயினும் வாங்குமுன் விற்பவர் சொன்ன வாக்குறுதியை எழுத்தில் பெறுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பழுது நேர்ந்தால், நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். அன்று என் மகன் பொய் எழுதியிருந்தால், ஓடையில் நின்ற பேத்தியின் படத்தை ஒளித்திருக்கவேண்டும். அவனைக் காப்பாற்றிய சான்றே அதுதான்!

2024-ஆம் ஆண்டு ஜனவரியில், நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், மீண்டும் ஒருமுறை அத்தீவுக்குச் சென்றோம். ஈலி ஓடையைக் கடக்குமுன் பேத்தி இறங்கி நின்று ஆழம் பார்த்தாள், மருமகள் படமெடுத்தாள். வீடு திரும்பியபோது இரவு ஒன்பது மணி. எல்லாரும் களைத்திருந்தோம். ஆயினும் மகன் உள்ளே வரவில்லை. தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய், வண்டியின் கீழே படுத்து, நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.